பெயரும் துறையும்: இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டில் புதிய சிறப்புத்துறைப் பரிந்துரைகள் – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் நிலையை ஏற்று, அம்மாந்தருக்குரிய ஆற்றல்களைக் கொண்டு, பிறரோடு கூடிச் செயற்படும் விளையாட்டு பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டு, மாந்தரைப் போர் புரிவோர், மந்திரம் பயில்வோர், சமயக்குரு என மூன்று வகுப்புகளாகப் பகுத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் திருடர், பாலடின், துறவி, டுரூயிட் முதலிய வகுப்புகள் அதனோடு சேர்ந்தன. பின்னாளில் இணையவழி விளையாட்டுகள் பலவும் இப்பகுப்பையே தம் அடிப்படையாகக் கொண்டன.

பிலிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட் இம்மரபில் வந்ததாகும். வாரியர், பாலடின், ஹன்டர், ரோக், பிரீஸ்ட், ஷாமன், மேஜ், வார்லாக், டுரூயிட் என்னும் ஒன்பது வகுப்புகளும், வகுப்புக்கு மூன்றாக 27 சிறப்புத்துறைகளும் தொடக்கத்தில் அமைந்தன. 2008இல் டெத் நைட், 2012இல் மங்க், 2016இல் டீமன் ஹன்டர், 2022இல் இவோக்கர் ஆகியவை சேர, வகுப்புகள் 13 ஆயின. சிறப்புத்துறைகளோ 2012இல் 34, 2016இல் 36, 2022இல் 38, 2023இல் 39 என வளர்ந்தன. 2025இல் டீமன் ஹன்டர் வகுப்புக்கு மேலும் ஒரு துறை அறிவிக்கப்பட்டது.

இவ்வளர்ச்சிக்கு இணையாக, இன்னின்ன துறைகள் வேண்டும் என்று ஆடுவோர் பரிந்துரைக்கும் வழக்கமும் தொடர்ந்து இருந்து வந்துள்ளது. இப்பரிந்துரைகளை விருப்பு வெறுப்பின்படி ஏற்பதும் தள்ளுவதும் எளிது. அவற்றை மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோல் உண்டா என்பதே வினா. சிறப்புத்துறைகள் தனித்தனிப் பெயர்களின் தொகுதி அல்ல. ஒன்றையொன்று வரையறுக்கும் குறிகளின் அமைப்பு. எனவே, அவ்வமைப்பில் ஒரு புதிய வேறுபாட்டைத் தோற்றுவிக்கும் பரிந்துரையே புதிய துறைக்குரியது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும். பெயர்ப்போருக்கும் இதுவே வழிகாட்டும் என்பது தொடர்ந்து காட்டப்பெறும்.

2. கலைச்சொல் தேர்வு

ஆங்கிலத்தில் கிளாஸ் என வழங்குவதனை வகுப்பு, வர்க்கம், குலம், தொழில் எனப் பலவாறு பெயர்க்க இடமுண்டு. இவற்றுள் வர்க்கம் பொருளாதார நிலையைச் சுட்டும். குலம் பிறப்பைச் சுட்டும். இவ்விளையாட்டிலோ பிறப்பைக் குறிக்கும் பகுப்பு வேறாக உள்ளது. மனிதர், குள்ளர், ஓர்க், டிரோல் என்னும் இனங்கள் அதன்பாற்படும். வகுப்பு என்பது ஆடுபவர் தாமே தேர்ந்துகொள்வது. அதனைக் குலம் என்று பெயர்ப்பின், தேர்வுக்குரிய ஒன்று பிறப்புக்குரியதாக மாறிவிடும். தமிழ்ச் சூழலில் இஃது ஒரு சிறு வழு அன்று. தொழில் என்னும் சொல்லும் பொருந்தாது. மூலிகை பறித்தல், சுரங்கம் தோண்டல், தையல் முதலியன இவ்விளையாட்டில் தொழில்கள் என்னும் தனிப் பகுப்பாக ஏற்கெனவே அமைந்துள்ளன. ஆகவே வகுப்பு என்பதே எஞ்சி நிற்கிறது.

வகுப்பின் உட்பிரிவுக்குத் துறை என்னும் சொல் நன்கு பொருந்தும். திணையின் உட்பகுப்பைத் துறை என்று வழங்கியது புறப்பொருள் இலக்கண மரபு. ஒன்றில் முற்றத் தேர்ந்தாரைத் துறைபோகியவர் என்பதும் வழக்கு. உட்பிரிவு, தேர்ச்சி என்னும் இரு பொருளும் ஒரே சொல்லில் அமைவது பெயர்ப்போருக்கு வாய்ப்பாகும்.

இவ்விளையாட்டில் கூட்டுச்செயல் மூன்று பங்குகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பகைவரின் அடியைத் தம்மேல் ஏற்பவர் தாங்குநர். உடன் வந்தோரின் காயத்தைப் போக்குபவர் ஆற்றுநர். பகைவரை வீழ்த்துபவர் தாக்குநர். ஒவ்வொரு துறையும் இம்மூன்றனுள் ஒன்றில் வைத்து எண்ணப்படுகிறது.

3. துறைப்பெயர்களின் சொல்லமைப்பு

வகுப்புப் பெயர்கள் யாவும் ஆட்பெயர்கள். துறைப்பெயர்கள் அவ்வாறு ஒருதன்மையாக இல்லை. அவற்றை நான்கு வகைப்படுத்தலாம். முதலாவது, காப்பு, சினம், ஒழுங்கு, பழிவாங்கல், அழிவு எனப் பண்பையோ செயலையோ குறிக்கும் பெயர்கள். இரண்டாவது, தீ, உறைபனி, குருதி, நிழல், படைக்கலம் என்னும் பொருட்பெயர்கள். மூன்றாவது, ஹோலி, அன்ஹோலி, ஆர்கேன், ஃபெரல் என ஆங்கிலத்தில் பெயரடையாக நிற்பவை. நான்காவது, செய்வோரைக் குறிக்கும் ஆட்பெயர்கள்.

2004ஆம் ஆண்டின் 27 துறைப்பெயர்களுள் நான்காம் வகை ஒன்றுகூட இல்லை என்பது கருதத்தக்கது. 2012இல் மங்க் வகுப்பின் மூன்று துறைகளும் மது வடிப்போர், மூடுபனி நெய்வோர், காற்றில் நடப்போர் என்னும் பொருள்பட ஆட்பெயர்களாகவே அமைந்தன. அவ்வாண்டே டுரூயிட் வகுப்பில் காவலர் எனப் பொருள்படும் கார்டியன் சேர்ந்தது. 2016இல் ரோக் வகுப்பின் காம்பட் என்னும் துறை அவுட்லா என மாற்றப்பட்டது. 2024இல் 39 நாயகத் திறன்தொகுதிகள் வந்தன. ஒவ்வொரு தொகுதியும் ஒரு வகுப்பின் இரண்டு துறைகளுக்குப் பொதுவானது. அவற்றின் பெயர்களுட் பெரும்பாலானவை ஆட்பெயர்களே. துறை என்பது ஒருவர் பயிலும் நெறி என்னும் நிலையிலிருந்து, அவர் இன்னார் என்னும் நிலையை நோக்கி நகர்ந்துள்ளதனை இம்மாற்றம் காட்டுகிறது. புதிய பரிந்துரைகள் பெரும்பாலும் ஒரு செயலைச் சொல்லாமல் ஒரு வேடத்தைச் சொல்வதற்கும் இந்நகர்வுக்கும் தொடர்பு உண்டு.

ரோக் வகுப்பின் பெயர்மாற்றம் தனியே நோக்கத்தக்கது. காம்பட் என்றால் போர். எல்லா வகுப்பாரும் போர் செய்யும் ஓர் உலகில் போர் என்னும் பெயர் எதனையும் பிரித்துக் காட்டவில்லை. சட்டத்துக்குப் புறம்பானவர் என்னும் புதிய பெயர், கடற்கொள்ளையர், கைத்துப்பாக்கி, சூதாட்டம் ஆகியவற்றின் சாயலை அத்துறைக்குத் தந்தது. ஆயினும் அதன் உடன்பிறப்புகளான கொலைத்திறம், நுட்பம் என்னும் துறைகள் பண்புப்பெயராக நிற்க, இஃது ஒன்று மட்டும் ஆட்பெயராயிற்று. ஜெர்மன் பெயர்ப்பாளர் இதனைச் சட்டமின்மை எனப் பொருள்படும் கெசெட்ஸ்லோசிக்கைட் என்று பெயர்த்தனர். தனிச்சொல்லுக்கு நேர்மையாக நின்றிருந்தால் அவர்கள் ஆட்பெயரையே தந்திருப்பர். வரிசைக்கு நேர்மையாக நின்றதால், மூலத்திற் குலைந்த ஒழுங்கு பெயர்ப்பில் மீண்டது.

4. பெயரின் மதிப்பு

சசூரின் விரிவுரைகள் 1916இல் நூலாக வெளிவந்தன. ஒரு குறியின் மதிப்பு பிற குறிகளோடு அது கொள்ளும் வேறுபாட்டால் அமைகிறது என்னும் அவர் கருத்து மொழியியலார் நன்கறிந்தது. அதனை விளக்கச் சதுரங்க விளையாட்டையே அவர் உவமையாகக் கொண்டார். சிறப்புத்துறைகளிலும் இக்கருத்தைத் தெளிவாகக் காணலாம்.

காப்பு என்னும் துறை வாரியர், பாலடின் ஆகிய இரு வகுப்பிலும் உண்டு. ஹோலி பாலடினுக்கும் பிரீஸ்டுக்கும் பொது. மீட்பு எனப் பொருள்படும் ரெஸ்டொரேஷன் ஷாமனுக்கும் டுரூயிடுக்கும் பொது. இம்மூன்றிலும் பெயர் ஒன்றானால் பங்கும் ஒன்றே. உறைபனி என்னும் நான்காவது பொதுப்பெயர் சிக்கலானது. மேஜ் வகுப்பில் அது தொலைவில் நின்று பகைவரைத் தளர்த்தித் தாக்குவது. டெத் நைட் வகுப்பில் நெருங்கி நின்று வாளால் வெட்டுவது. எனவே வகுப்புப் பெயரை நீக்கித் துறைப்பெயரை மட்டும் அகரவரிசையில் இட்டுப் பொருள் கூறுவது முழுமை பெறாது.

டுரூயிட் வகுப்பின் வரலாறு இன்னும் தெளிவானது. தொடக்கத்தில் ஃபெரல் காம்பட் என்ற ஒரே துறையுள் இரண்டு செயல்கள் அடங்கியிருந்தன: பூனை வடிவில் தாக்குதல், கரடி வடிவில் தாங்குதல். பெயர் ஒன்றாயிருக்கப் பங்கு இரண்டாயிருந்தமையின், ஆடுவோர் பூனை என்றும் கரடி என்றும் தாமே பிரித்து வழங்கினர். 2012இல் ஃபெரல், கார்டியன் என அத்துறை முறைப்படி இரண்டாயிற்று. வழக்கு முந்தியது; இலக்கணம் பின்வந்தது. ஒரு பரிந்துரை வலுவுடையதா என்பதற்கு ஆடுவோர் வழக்கும் ஒரு சான்றாகும் என்பது இதனாற் பெறப்படும்.

ஒரே பங்கினுள்ளும் உண்மையான வேறுபாடு அமையக்கூடும். பிரீஸ்ட் வகுப்பில் ஒழுங்கு, ஹோலி என்னும் இரு துறைகளும் ஆற்றுநர்க்குரியன. ஹோலி காயம் பட்ட பின் ஆற்றுகிறது. ஒழுங்கோ காயம் வருமுன் கவசமிட்டுத் தடுக்கிறது. பகைவரைத் தாக்கும் செயலாலேயே தோழரை ஆற்றுகிறது. பங்கு ஒன்று, வினை வேறு.

5. பரிந்துரைகளை அளக்கும் மூன்று சோதனைகள்

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று சோதனைகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது வினைச்சோதனை: அவ்வகுப்பின் பிற துறைகளுக்கு இல்லாத ஒரு வினையைப் பரிந்துரை ஒரே தொடரில் கூற வல்லதா? இரண்டாவது எதிர்நிலைச்சோதனை: அத்துறை குழுவில் இருப்பதால் உடனிருப்போர் செய்ய வேண்டியது மாறுகிறதா? மூன்றாவது பெயர்ச்சோதனை: முன்மொழியும் பெயர் அவ்வகுப்பின் பெயர்வரிசையோடு இசைகிறதா?

ஹன்டர் வகுப்புக்கு டார்க் ரேஞ்சர் என்னும் துறை வேண்டும் என்பது நெடுநாள் வேட்கை. இருண்ட அம்புகள், இறந்தும் இறவாத வில்லாளி என்னும் தோற்றம் கவர்ச்சியுடையதே. ஆனால் வினை யாது என வினவின், வில்லால் தொலைவில் நின்று எய்தல் என்ற பழைய விடையே கிடைக்கிறது. 2024இல் இப்பெயர் தனித்துறையாகாமல், விலங்காட்சி, குறிதப்பாமை என்னும் இரு துறைகளுக்குப் பொதுவான நாயகத் திறன்தொகுதியாக அமைந்தது பொருத்தமான தீர்வாகும். அடைமொழிக்குரியதனை அடைமொழியாகவே நிறுத்தியமை இது.

மேஜ் வகுப்புக்குக் காலத்தை ஆளும் ஆற்றுநர் துறை என்பது மற்றொரு பரிந்துரை. மேஜின் மூன்று துறைகளும் தாக்குநர்க்கே உரியன. எனவே ஆற்றுதல் புதிய வினை. நேரத்தைத் திரித்தல் சார்ந்த மந்திரங்கள் அவ்வகுப்பில் ஏற்கெனவே உண்டு. காயத்தை மூடாமல், காயம் படாத நேரத்துக்குத் தோழரை மீட்டுச் செல்லல் என்னும் வினை தனித்தன்மை உடையது. 2022க்கு முன் இப்பரிந்துரை மூன்று சோதனையிலும் தேறியிருக்கும். 2022இல் வந்த இவோக்கர் வகுப்பின் பிரெசர்வேஷன் துறை, நடந்ததைப் பின்னோக்கித் திருப்பி ஆற்றும் அவ்வினையைத் தனதாக்கிக்கொண்டது. பரிந்துரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அண்டையில் ஒரு குறி வந்து அமர்ந்ததால் அதன் மதிப்புக் குறைந்தது.

இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. வார்லாக் வகுப்பின் டெமனாலஜி துறையினர் தாமே அரக்க வடிவு கொள்ளும் ஆற்றலைப் பெற்றிருந்தனர். 2016இல் டீமன் ஹன்டர் வகுப்பு தோன்றியபோது, அவ்வடிவம் புதிய வகுப்புக்கு உரியதாயிற்று. டெமனாலஜி அரக்கரை ஏவும் துறையாக எஞ்சியது. புதியது சேரும்போது பழையது தன் எல்லையைச் சுருக்கிக்கொள்ள நேர்கிறது என்பதனைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

6. இரு துறைகள்: நிலக்காவலும் ஆணையும்

இச்சோதனைகளில் தேறும் பரிந்துரைகளுள் முதலாவது ஷாமன் வகுப்புக்குரிய தாங்குநர் துறை. நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கும் ஷாமனின் ஆற்றலுக்கு மூலம். எலிமென்டல் தீயையும் மின்னலையும் எறிகிறது. என்ஹான்ஸ்மென்ட் காற்றையும் தீயையும் படைக்கலத்தில் ஏற்றுகிறது. ரெஸ்டொரேஷன் நீரால் ஆற்றுகிறது. நிலத்துக்கெனத் தனித்துறை இல்லை. தாங்குநர் என்னும் பங்கும் இவ்வகுப்பில் வெற்றிடமாகவே உள்ளது. ஷாமன் கேடயம் ஏந்த வல்லவர். தொடக்ககால விளையாட்டில் நிலம் சார்ந்த சில மந்திரங்கள் பகைவரின் சினத்தைத் தம்பால் ஈர்க்கும் இயல்பு உடையனவாக இருந்தன. அதாவது, துறை இல்லாமலே துறையின் சுவடு இருந்தது. 2023 நவம்பரில் தொடங்கிய சீசன் ஆஃப் டிஸ்கவரி என்னும் சோதனைப் பதிப்பில் ஷாமன், வார்லாக், ரோக் ஆகியோர் தாங்குநராகவும் மேஜ் ஆற்றுநராகவும் ஆட வழி செய்யப்பட்டது. இப்பங்குகள் ஆடத்தக்கன என்பது அதனால் மெய்ப்பிக்கப்பட்டது. இத்துறைக்கு நிலக்காவல் என்று தமிழிற் பெயரிடலாம். காவலர் என்று ஆட்பெயராக்கின் டுரூயிடின் கார்டியனோடு மயங்கும். காப்பு என்றால் வாரியரோடும் பாலடினோடும் மயங்கும்.

இரண்டாவது பரிந்துரை இன்னும் அடிப்படையானது. 2023 ஜூலையில் இவோக்கர் வகுப்புக்கு ஆக்மென்டேஷன் என்னும் மூன்றாம் துறை சேர்ந்தது. இதன் முதன்மை வினை தாக்குதலும் அன்று, ஆற்றுதலும் அன்று, தாங்குதலும் அன்று. தோழரின் தாக்கும் வலிமையைப் பெருக்குதல். பங்கு மூன்றே என்னும் இலக்கணத்தில் இதற்கு இடமில்லாமையின், அது தாக்குநர் வரிசையிலேயே எண்ணப்பட்டது. இதன் விளைவாக ஒருவர் ஆற்றிய பணி இன்னொருவரின் கணக்கில் ஏறியது. யார் எவ்வளவு தாக்கினர் என்று கணக்கிடும் கருவிகள், இத்துறையின் பங்கைப் பிரித்துக் காட்டும் புதிய முறைகளை வகுக்க நேர்ந்தது. உயர்நிலைக் குழுக்களில் அத்துறை இன்றியமையாததாகக் கருதப்பட்டதும், அதனால் அதன் வலிமை மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டதும் ஆடுவோர் அறிந்ததே.

இச்சிக்கலைத் துறையின் குறையாகக் கொள்வாருமுளர். அது பகுப்பின் குறை என்பதே பொருந்தும். ஒரே உறுப்பினை உடைய பகுப்பு விதிவிலக்காகவே தோன்றும். இரண்டாவது உறுப்பு வந்த பின்னரே அது பகுப்பாக நிலைபெறும். ஆகவே பெருக்குநர் என்னும் நான்காம் பங்கை நிலைநாட்ட, இவோக்கருக்கு முற்றிலும் வேறான ஒரு வகுப்பில் இன்னொரு துறை வேண்டும். அதற்கு வாரியர் வகுப்பு தகும். போர்முழக்கத்தால் தோழரின் வலிமையை உயர்த்தும் ஆற்றல் அவ்வகுப்பில் தொடக்கம் முதலே உண்டு. இடுக்கண் உற்ற குழுவைத் தாங்கி நிறுத்தும் முழக்கமும் உண்டு. மந்திரத்தால் பெருக்குதல் இவோக்கருக்கு, சொல்லால் பெருக்குதல் வாரியருக்கு என்ற எதிர்நிலை இதனால் அமையும். உடனிருப்போர் முழக்கத்தைக் கேட்டு அதற்கேற்பத் தம் செயலை நேரப்படுத்த வேண்டியிருத்தலின் எதிர்நிலைச்சோதனையிலும் இது தேறும். படைக்கலம், சினம், காப்பு என்னும் வரிசையில் ஆணை என்னும் பெயர் இயல்பாக அமையும். தளபதி என்று பெயரிடின் வரிசை குலையும். குழுவில் ஒருவர் ஏனையோர்க்கு மேலானவர் என்னும் தவறான பொருளும் நுழையும். ஆணை என்பது அவர் பயிலும் துறை. அவரது பதவி அன்று.

இத்துறையின் இடரையும் கருத வேண்டும். தம் உழைப்பின் பயன் பிறர் கணக்கில் ஏறுவதை எல்லாரும் விரும்புவதில்லை. முழக்கத்துக்கு உரிய தருணம் அறியாக் குழுவில் இத்துறை வீணாகும். எனினும் ஆற்றுநரும் இந்நிலையினரே. தோழர் உயிரோடிருத்தலே அவர் பணியின் அளவு என்று ஏற்றுக்கொண்ட ஆட்டத்தில், தோழரின் வெற்றியே பெருக்குநரின் அளவு என்று ஏற்பதற்குத் தடை இல்லை. அப்பங்குக்கு ஒரு பெயர் இருத்தல் வேண்டும் என்பதே தேவை.

7. பெயர்ப்பியல் நோக்கு

வகுப்புப் பெயர்கள் வரலாற்றுச் சுமை உடையன. பாலடின் அரண்மனையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஷாமன் சைபீரியத் துங்குசிய மொழியினது. வார்லாக் பழைய ஆங்கிலத்தில் வாக்குத் தவறியவன் என்று பொருள்படுவது. இவ்வேர்ப்பொருள்களைப் பெயர்க்க முனைவதால் பயன் குறைவு. ரோக் என்னும் வகுப்பை ஜெர்மானியர் கயவன் என்றும், பிரெஞ்சுக்காரர் திருடன் என்றும் பெயர்த்தனர். சீனப் பெருநிலப் பதிப்பு மறைந்து செல்பவர் என்றது. தைவான் பதிப்பு திருடர் என்றது. இவற்றுள் பெருநிலப் பதிப்பே வகுப்பின் வினையைப் பெயர்த்துள்ளது. ஏனையவை அவர்தம் ஒழுக்கத்தைப் பெயர்த்துள்ளன. தமிழில் கள்வன் என்பதனினும் கரந்துறைவோர் என்பது பொருந்துவதற்குக் காரணம் இதுவே.

துறைப்பெயர்களிலும் இவ்வாறே. ஹோலி, அன்ஹோலி என்னும் இரண்டும் எதிர்ச்சொற்கள். முன்னதைப் புனிதம் என்றும் பின்னதைப் பிணநெறி என்றும் தனித்தனியே அழகுறப் பெயர்ப்பின், பாலடினும் டெத் நைட்டும் ஒருவர்க்கொருவர் நிழலாக நிற்கும் நிலை மறைந்துவிடும். புனிதம், அபுனிதம் என்பது அழகிற் குறைந்ததாயினும் உறவைக் காக்கும். பட்டியல் முழுவதையும் ஒருசேர வைத்துப் பெயரிடும் குழுவே இப்பணிக்கு ஏற்றது. சொல் சொல்லாகப் பகிர்ந்தளித்துப் பெயர்க்கும் முறை ஏற்றதன்று.

8. முடிவுரை

புதிய சிறப்புத்துறையைப் பரிந்துரைத்தல் புதிய பெயரைச் சேர்த்தல் அன்று, ஓர் அமைப்பின் வெற்றிடத்தைக் கண்டு சுட்டுதல் என்பது இதுகாறும் கூறியவற்றாற் போதரும். வேடத்தை மட்டும் சொல்லும் பரிந்துரை அடைமொழியாகவே நிற்கும். வினையைச் சொல்லும் பரிந்துரையே துறையாகும். ஷாமனின் நிலக்காவல் முன்னுள்ள அமைப்பின் வெற்றிடத்தை நிரப்புவது. வாரியரின் ஆணை அமைப்பையே ஒரு பகுப்பு விரிப்பது. இவ்விளையாட்டுக்குத் தமிழ்ப் பதிப்பு இல்லை; விளையாட்டுக் கலைச்சொற்கள் தமிழில் இன்னும் உறுதிப்படவுமில்லை. உறுதிப்படும் முன்னரே குலம் எது, வகுப்பு எது, பதவி எது, துறை எது என்று பிரித்தறிந்து பெயரிடுதல் பெயர்ப்பாளர் கடனாகும். இளையோர் முதலிற் கற்கும் பகுப்புச் சொற்களுள் இவையும் சில என்பதனால் அக்கடன் சிறிதன்று.